பூக்கடையில் விரல் தானாக அழுத்தியது எப்படி?

அன்புள்ள சார்,

சிங்கப்பூரில், ஈசூனில் இருக்கிறேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு படமெடுக்க ஆரம்பித்தேன். சமூக மன்ற வகுப்பில் எங்களுக்குச் சொல்லித் தருபவர், "என்ன சொல்லப் போகிறீர்கள் என்று முடிவு செய்துவிட்டுக் கேமராவைத் தூக்குங்கள்" என்கிறார். அப்படி எடுத்தால் படத்தில் உயிரே இல்லை. யோசிக்காமல் எடுத்தவற்றில் நான்கை இணைத்திருக்கிறேன். ஒன்று, தேக்காவில் நான் வாராவாரம் பூ வாங்கும் கடை. மற்ற மூன்றும் தைப்பூசம். உள்ளுணர்வை நம்பலாமா, இல்லை அது சோம்பேறித்தனமா? போனில் எடுப்பதெல்லாம் புகைப்படக் கலையில் சேருமா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

வணக்கம். பூக்கடைப் படத்தைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தேன். கடைக்காரர் முடிச்சைப் போட்டு நூலை வெடுக்கென்று இழுக்கிறார். நூல் விறைத்து நிற்கிறது, மல்லிகைக் காம்புகள் ஒரே பக்கம் சாய்ந்திருக்கின்றன. அரை நொடி முந்தியிருந்தால் விரல்கள் ஒன்றோடொன்று குழம்பியிருக்கும். அரை நொடி பிந்தியிருந்தால் கை அடுத்த பூவுக்குப் போயிருக்கும். இது எப்படி வாய்த்தது? நம் முழம் எப்போது முடியும் என்று வாராவாரம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறீர்களே, அதனால்தான். அது எங்கே ஒரு கணம் நிற்கும் என்று உங்கள் கண்ணுக்குத் தெரியும். இதைப் போய்ச் சோம்பேறித்தனம் என்பதா? ஆனால் நடுராத்திரி ஜூரோங் மீன்பிடித் துறைமுகத்தில் கொண்டுபோய் நிறுத்தினால் இதே விரல் தடுமாறும். உள்ளுணர்வு பழகிய இடத்தில்தான் வேலை செய்யும்.

எல்லாவற்றையும் முன்கூட்டியே மனதில் கண்டு எடுப்பவர் என்று பெயர் வாங்கிய அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸையே பாருங்கள். 1941 நவம்பர் 1, நியூ மெக்சிகோவில் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூர். காரில் போனவர் மேலேறும் நிலவையும் கல்லறைச் சிலுவைகள்மேல் விழுந்த கடைசி வெயிலையும் பார்த்து வண்டியை நிறுத்துகிறார். வெளிச்சத்தை அளக்கும் ஒளிமானி கைக்குக் கிடைக்கவில்லை. நிலவின் ஒளிர்வு சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது ஞாபகம் வர, மனக்கணக்குப் போட்டு அழுத்திவிட்டார். இரண்டாவது படம் எடுப்பதற்குள் சிலுவைகள்மேல் வெயில் இல்லை. அந்த அவசரத்தில் அவரைக் காப்பாற்றியது எப்போதோ மனதில் ஏற்றிவைத்த ஒரு எண். அப்புறம் அதே நெகட்டிவிலிருந்து பல பத்தாண்டுகள் பிரதி எடுத்துக்கொண்டே இருந்தார். ஆரம்பப் பிரதிகளில் வானத்தில் மேகம் தெரியும். பிற்காலப் பிரதிகளில் வானம் கன்னங்கரேல். இன்னதுதான் வேண்டும் என்ற முடிவு இருட்டறையில் மெல்ல மெல்ல வந்திருக்கிறது.

உங்கள் வகுப்பாசிரியர் சொல்வது ஒரு புகைப்படத் தொடருக்குச் சரி. 1980களில் சீன மை ஓவிய மேதைகளைத் தேடித் தேடிப் படமெடுத்தாரே நம் சிங்கப்பூர்ப் புகைப்படக் கலைஞர் சுவா சூ பின், அதைத் திட்டமில்லாமல் செய்ய முடியாது. தெருவில் எடுக்கும் ஒற்றைப் படத்துக்கு அந்தக் கேள்வி அதிகப்படி.

சரி, தைப்பூசத்துக்கு வருவோம். இந்த மூன்றும் எனக்குப் பிடிக்கவில்லை. மன்னியுங்கள். முதுகுகள், குடைகள், ஒரு காவடியின் பாதி. உங்களுக்கு அதில் மேளம் கேட்கிறது, பால் வாசனை வருகிறது, ஏனென்றால் நீங்கள் அங்கே இருந்தீர்கள். எனக்குக் கேட்கவில்லை. யோசித்திருக்க வேண்டிய இடம் இதுதான். பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை நீளும் வழியில் எங்கே நிற்பது, எந்த நேரம் என்பதையெல்லாம் வீட்டிலேயே முடிவு செய்யலாம். நம் ஊரில் சூரியன் உச்சிக்கு வருவதே பகல் ஒரு மணிக்குமேல். அந்த வெயிலில் காவடியின் நிழல் சுமப்பவர் முகத்தை மூடிவிடுகிறது. காலை எட்டு, எட்டரைக்குப் போனால் வெளிச்சம் பக்கவாட்டில் வரும். காவடி எடுப்பவர்கள் நின்று இளைப்பாறும் ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயே இருங்கள். அதற்குமேல் யோசிக்க வேண்டாம்.

எடுக்கும்போது உள்ளுணர்வை எவ்வளவு வேண்டுமானாலும் நம்புங்கள். தேர்ந்தெடுக்கும்போது நம்பாதீர்கள். நியூயார்க் தெருக்களை எடுத்த கேரி வினோகிராண்ட், ஃபிலிமை ஓராண்டுக்கும் மேல் கழுவாமல் வைத்திருப்பார். எடுத்தபோது இருந்த மனநிலை வடியட்டும் என்றுதான். (1984இல் அவர் இறந்தபோது கழுவாத சுருள்கள் மட்டும் சுமார் 2,500. அந்த அளவுக்கு வேண்டாம்!) உங்களுக்கு இரண்டு மாதம் போதும். அதுவரை இன்ஸ்டாகிராமிலும் போடாதீர்கள், குடும்ப வாட்ஸ்அப்பிலும் வேண்டாம். யாராவது ஒரு அத்தை "சூப்பர்" என்று போட்டுவிட்டால் அந்தப் படத்தை நீங்கள் அப்புறம் கழிக்கவே மாட்டீர்கள்.

போன் தாராளமாகச் சேரும். ஒன்று மட்டும்: பொத்தானை அழுத்திப் பிடித்து இருபது முப்பது படங்களைச் சரசரவென்று எடுக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். பூக்கடையில் நீங்கள் அப்படி எடுத்திருந்தால், இழுத்த நூல் அதிலும் விழுந்திருக்கலாம். ஆனால் அடுத்த வாரம் அந்தக் கை எங்கே நிற்கும் என்பது உங்கள் விரலுக்குத் தெரிந்திருக்காது.