கணக்கு அக்கா பதில்கள்: டீச்சரும் ‘இன்ஸ்பெக்டரும்’

மார்ச் 1 ஆம் தேதி வருமான வரிக்கான இ-ஃபைலிங் திறந்தால் போதும், பட்டர்வொர்த்தில் எங்கள் சின்ன அலுவலக வாசலில் செருப்பு நிறைந்துவிடும். மோசடிக்காரர்களும் அதே தேதியைத்தான் நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது. இந்த மாதக் கடிதங்களில் பாதி அவர்களைப் பற்றித்தான்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. வருமான வரி வாரியமான எல்.எச்.டி.என்-லிருந்து பேசுவதாகச் சொல்லி ஒரு பெண் அழைத்தார். என் பெயரில் ஜொகூர் பாருவில் ஒரு கம்பெனி இருக்கிறதாம், 38,000 ரிங்கிட் வரி பாக்கியாம். எனக்குக் கம்பெனியே கிடையாது என்றதும், “அப்படியானால் போலீசில் புகார் கொடுங்கள்” என்று லைனை ஓர் ‘இன்ஸ்பெக்டருக்கு’ மாற்றினார். அவர், யாரிடமும் மூச்சு விடக்கூடாது, அறைக் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள் என்றார். இரண்டு மணி நேரம் பேசினார். மகன் வேலை முடிந்து வந்து கதவைத் தட்டியதால் போனை வைத்தேன். பணம் அனுப்பவில்லை. ஆனால் அடையாள அட்டை எண்ணையும் எந்த வங்கியில் கணக்கு என்பதையும் சொல்லிவிட்டேன். வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது.
– வாசகி, பிறை

பதில்: டீச்சர், கதவைத் தட்டிய மகனுக்கு ஒரு தே தாரேக் வாங்கிக் கொடுங்கள். வெட்கத்தை விடுங்கள். நீங்கள் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்வீர்கள் என்ற நம்பிக்கையில்தான் அவர்கள் பிழைப்பே ஓடுகிறது.

அந்தப் பெண் உங்களை மிரட்டவே இல்லை, கவனித்தீர்களா? உதவி செய்வதுபோல்தான் லைனை மாற்றினார். இந்த வித்தையின் உயிரே அங்கேதான் இருக்கிறது. வரி அலுவலகம் உங்கள் அழைப்பைப் போலீஸ் நிலையத்துக்கு மாற்றிக் கொடுக்காது. புகார் கொடுப்பதென்றால் நாம்தான் நிலையத்துக்கு நடக்க வேண்டும். என் வாடிக்கையாளர் ஒருவருக்கு இதே அழைப்பு வந்தபோது பின்னணியில் வாக்கி-டாக்கி கரகரவென்று கேட்டதாம். “சத்தத்தைக் கேட்டதும் நிஜ ஸ்டேஷன் என்றே நினைத்துவிட்டேன்க்கா” என்றார். திரையில் தெரியும் எண்ணையும் நம்ப முடியாது, அதையும் போலியாகக் காட்டலாம்.

வெளிநாடு போகத் தடை என்றும் சொல்லியிருப்பார்கள். வரி பாக்கிக்கு அப்படித் தடை போட வருமான வரிச் சட்டத்தில் இடம் இருப்பது உண்மை. பொய்க்குள் ஒரு துண்டு உண்மையை வைத்தால் பயம் சீக்கிரம் பிடிக்கிறது. தடை இருக்கிறதா என்று குடிநுழைவுத் துறையின் இணையப் பக்கத்தில் நாமே பார்த்துக்கொள்ளலாம். வரி பாக்கியும் அப்படித்தான்: வாரியத்தின் இணையத்தளமான மைடேக்ஸில் நுழைந்து, வரிக் கணக்கைக் காட்டும் இ-லெஜரைத் திறந்தால், பாக்கி இருந்தால் அங்கே இருக்கும். இன்னொன்று, கட்டாய ஓய்வு வயதில் ஓய்வு பெற்றவரின் அரசாங்கப் பென்ஷனுக்கு வரியே கிடையாது.

இப்போது செய்ய வேண்டியது: ஏ.டி.எம். அட்டையின் பின்னால் இருக்கும் எண்ணுக்கு அழைத்து வங்கியிடம் நடந்ததைச் சொல்லுங்கள். ஒரு போலீஸ் புகாரும் கொடுத்துவிடுங்கள். அடையாள அட்டை எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு கணக்கிலிருந்து பணம் எடுக்க முடியாது. பணம் மாற்றும்போது வங்கி அனுப்பும் டெக் (TAC) எண்ணுக்காக அவர்கள் மறுபடியும் அழைக்கலாம், அப்போது மகனிடம் போனைக் கொடுங்கள்.

பணம் அனுப்பியே விட்டவர்கள் இதைப் படித்தால், மீதியை அப்புறம் படிக்கலாம், முதலில் 997-ஐ அழையுங்கள். தேசிய மோசடி எதிர்வினை மையம் அது. பணம் ஒரு கணக்கில் உட்கார்ந்திருக்காது, வாடகைக்கு எடுத்த கணக்குகளில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே போகும். விடியட்டும் என்று காத்திருந்தால் பிடிப்பது கஷ்டம்.

கேள்வி: வரிப் பணம் 1,246 ரிங்கிட் திரும்பக் கிடைக்கும், இந்தச் செயலியை இறக்குங்கள் என்று வாட்ஸ்அப்பில் வந்திருக்கிறது. எனக்கு உண்மையிலேயே ரீஃபண்ட் வர வேண்டும் அக்கா.
– தொழிற்சாலை டெக்னீஷியன், பாயான் லெப்பாஸ்

பதில்: இறக்காதே தம்பி. ஏபிகே என்கிற அந்தச் செயலிக் கோப்பு போனுக்குள் புகுந்து, நீ அனுமதியும் கொடுத்துவிட்டால், வங்கி அனுப்பும் குறுஞ்செய்திகளை உனக்கு முன்னால் அது படித்துவிடும்.

ரீஃபண்டை யாரும் கூப்பிட்டுக் கொடுப்பதில்லை. வரிப் படிவத்தில் நீ எழுதிய வங்கிக் கணக்குக்கு அது தானாக வரும். இ-ஃபைலிங் செய்தவர்களுக்கு 30 வேலை நாள் என்பது வாரியம் வைத்திருக்கும் கணக்கு. மைடேக்ஸ் முகவரியை நீயே தட்டச்சு செய்து போய்ப் பார். முகவரிக்குள் ‘கவ்’ என்று எங்கேயோ இருந்தால் போதாது, ‘ஹாசில் டாட் கவ் டாட் எம்ஒய்’ என்று முடிய வேண்டும்.

உனக்குப் புத்தி சொல்கிற நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு மே மாதம், ரீஃபண்டுக்காகக் காத்திருந்த நேரம், இரவு பத்து மணிக்கு இப்படித்தான் ஒரு செய்தி வந்தது. தொகைகூட ஏறக்குறைய சரியாக இருந்தது. அட்டையின் 16 எண்களையும் அடித்துவிட்டேன். பின்பக்க மூன்று எண் தேய்ந்துபோய்த் தெரியவில்லை. கண்ணாடியைத் தேடி எழுந்தேன். சமையலறையில் பருப்பு டப்பா மேல் கிடந்தது. அதை எடுக்கும்போதுதான் உறைத்தது: பணம் கொடுக்கிறவனுக்கு என் அட்டை எதற்கு? அன்றிரவே வங்கியை அழைத்து அட்டையை ரத்து செய்தேன். இருபது வருடமாக ஊருக்கெல்லாம் கணக்கு எழுதுகிறவள் நான்!

கேள்வி: ஃபேஸ்புக்கில் ஒரு ஏஜெண்ட், கட்டிய வரி முழுவதையும் திருப்பி வாங்கித் தருகிறேன், பத்து விழுக்காடு கமிஷன், மைடேக்ஸ் கடவுச்சொல் மட்டும் போதும் என்கிறார். கொடுக்கலாமா?
– செந்தூல் வாசகர்

பதில்: கூடாது. வாங்காத புத்தகம், பார்க்காத வைத்தியம் என்று இஷ்டத்துக்கு வரிக்கழிவு போட்டுத்தான் அந்தப் பணத்தைக் ‘கொண்டு வருவார்’. ரசீதுகளை 7 வருடம் வைத்திருக்க வேண்டியவர் நீங்கள், வாரியம் கேட்டால் பதில் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான். அதற்குள் அவர் பேஸ்புக் பெயரையே மாற்றியிருப்பார்.

கேள்வி: எல்லாம் மோசடி என்று நினைத்து, அப்பா பெயருக்கு எல்.எச்.டி.என்-லிருந்து வந்த கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன். இப்போது சந்தேகமாக இருக்கிறது.
– கல்லூரி மாணவி, ஆயர் ஈத்தாம்

பதில்: அடடா. வாரியம் நிஜமாகவே கடிதம் அனுப்பும் அம்மா. பாக்கி உண்மையாக இருந்து தவணை தாண்டினால் பத்து விழுக்காடு ஏறும். அப்பாவை அடையாள அட்டையோடு கிளை அலுவலகத்துக்குக் கூட்டிப் போ, இல்லையென்றால் வாரியத்தின் உதவி எண்ணான ஹாசில் கேர் லைன் 03-8911 1000-க்கு அப்பாவையே பேசச் சொல். குப்பை வண்டி இன்னும் வரவில்லையென்றால் துண்டுகளைப் பொறுக்கி ஒட்டிப் பார். கடிதத்தின் குறிப்பு எண் கிடைத்தால் கவுண்டரில் வேலை சீக்கிரம் முடியும்.