நூலகரைக் கேளுங்கள்: வெளி இணைப்புச் சண்டைகள்

கேள்வி: சோழ நாட்டுக் கோயில்களைப் பற்றி வலைப்பூ எழுதுகிறேன். படங்கள் எல்லாம் நானே எடுத்தவை. தமிழ் விக்கிப்பீடியாவில் அந்தக் கோயில்களின் கட்டுரைகளுக்குப் போய், அடியில் ‘வெளி இணைப்புகள்’ பகுதியில் என் முகவரியைச் சேர்த்தேன். ராத்திரிக்குள் ஒருவர் அத்தனையையும் எடுத்துவிட்டார். அதே கட்டுரையில் வேறொருவரின் வலைப்பூ இன்னும் இருக்கிறது. இது என்ன நியாயம் அம்மா?
- வாசகர், கும்பகோணம்

பதில்: எடுத்தவர் இடத்தில் கொஞ்சம் உட்கார்ந்து பாருங்கள். விக்கியில் ‘அண்மைய மாற்றங்கள்’ என்று ஒரு பக்கம் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். புதுப் பயனர் ஒருவர் வருகிறார். கட்டுரையில் ஒரு எழுத்துப்பிழைகூடத் திருத்தவில்லை. ஒரே முகவரியைக் கட்டுரை கட்டுரையாகச் சேர்த்துக்கொண்டே போகிறார். லாட்ஜுக்கு ஆள் பிடிப்பவரும் இதையேதான் செய்வார். உங்கள் பயனர் பெயரைச் சொடுக்கினால் நீங்கள் செய்தது முழுக்க வரிசையாக வந்து நிற்கும். உங்கள் நல்ல மனசு அந்த வரிசையில் தெரியாது.

நான் வேலை பார்த்த கல்லூரி நூலகத்தில், டியூஷன் நடத்துகிறவர்கள் கணக்குப் புத்தகங்களின் பின்னட்டைக்குள் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போவார்கள். அவர்களில் சிலர் நன்றாகவே சொல்லித்தருகிறவர்கள். இருந்தும் நோட்டீஸைக் கிழித்துவிட்டுத்தான் புத்தகத்தை அலமாரியில் வைப்பேன்.

சொந்தத் தளத்தைத் தானே சேர்ப்பதை விக்கிக்காரர்கள் விரும்புவதில்லை. கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் ‘இது என் தளம், பொருந்துமா பாருங்கள்’ என்று எழுதிவிட்டு, சேர்ப்பதை மற்றவர்களிடம் விடுவதுதான் முறை. இன்னொருவர் வலைப்பூ இருக்கிறதே என்றால், அது இன்னும் யார் கண்ணிலும் படவில்லை, அவ்வளவுதான். அதைக் காட்டி வாதாடினால் இரண்டையும் தூக்கிவிடுவார்கள். தூக்கட்டுமே.

விக்கியில் முகவரி இருந்தால் கூகுளில் மேலே வரலாம் என்று யாராவது சொல்லியிருந்தால் அதையும் மறந்துவிடுங்கள். இந்த இணைப்பைத் தரவரிசைக்குக் கணக்கில் எடுக்காதே என்று தேடுபொறிக்குச் சொல்லும் ‘நோஃபாலோ’ குறி, ஆங்கில விக்கியில் 2007 ஜனவரியிலிருந்தே வெளி இணைப்புகளோடு வருகிறது.

சரி, என்ன செய்யலாம்? படங்களை, யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய படக் களஞ்சியமான விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றுங்கள். படத்தோடு உங்கள் பெயர் நிற்கும். ஆனால் யோசித்து ஏற்றுங்கள்: உரிம விதிகளை மதித்து உங்கள் பெயரையும் போட்டால், காலண்டர் அச்சடிப்பவர்கூட அதைக் காசு தராமல் எடுத்துக்கொள்ளலாம். அப்புறம் உங்கள் எழுத்து. வலைப்பூவில் கல்வெட்டுச் செய்தி தந்திருந்தால், அது எந்த நூலிலிருந்து வந்தது? ஹுல்ட்ஷ் பதிப்பில் 1890இல் தொடங்கிய ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ வரிசையில், தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் இருக்கின்றன. தொகுதி எண், கல்வெட்டு எண் கொடுத்துச் செய்தியைக் கட்டுரைக்குள்ளேயே எழுதுங்கள். பிறகு அதை எடுக்க வருகிறவர்தான் காரணம் சொல்லியாக வேண்டும்.

கேள்வி: ஈழத்து எழுத்தாளர் ஒருவரின் கட்டுரையில், ‘நூலகம்’ தளத்தில் உள்ள அவருடைய நூலுக்கு இணைப்புக் கொடுத்தேன். ஒரு பயனர் நீக்கினார். நான் மீளமைத்தேன். மறுபடி நீக்கினார். இப்படியே போகிறது. யார் பக்கம் நியாயம்?
- மாணவி, யாழ்ப்பாணம்

பதில்: இணைப்பு விஷயத்தில் நான் உங்கள் பக்கம். திரும்பத் திரும்பப் போடுவதில் இல்லை.

2005இல் தொடங்கிய அந்த எண்ணிம நூலகத்தில், கடையில் தேடினாலும் கிடைக்காத இலங்கைத் தமிழ் நூல்களும் இதழ்களும் இருக்கின்றன. 1981இல் நூலகம் எரிக்கப்பட்ட ஊரிலிருந்து எழுதுகிறீர்கள். அதன் அருமையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கட்டுரையைப் படித்து முடித்தவருக்கு அடுத்து வேண்டியது அந்த எழுத்தாளரின் நூல்தானே?

ஆனாலும் இரண்டைப் பாருங்கள். இணைப்பு தளத்தின் முகப்புக்குப் போகிறதா, அந்த நூலின் பக்கத்துக்கா? முகப்புக்கு என்றால் நீக்கியவர் செய்தது சரி. அந்த நூலைப் படித்து, அதிலிருந்து ஒரு தகவலைக் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்களா? அப்படியானால் அது வெளி இணைப்பே இல்லை. ‘மேற்கோள்கள்’ பகுதிக்குப் போக வேண்டியது. பாதிச் சண்டை இந்த இடத்திலேயே தீர்ந்துவிடும்.

மீதிக்கு உரையாடல் பக்கம். ஆங்கில விக்கியில் 24 மணி நேரத்துக்குள் ஒரே பக்கத்தில் மூன்று முறைக்கு மேல் மீளமைத்தால் தடை விழலாம், நியாயம் யார் பக்கம் இருந்தாலும். இணைப்பு பற்றித் தகராறு என்றால், சேர்க்க விரும்புகிறவர்தான் மற்றவர்களைச் சம்மதிக்க வைக்க வேண்டும், அதுவரை இணைப்பு வெளியே நிற்கும் என்பதும் அங்கே உள்ள வழக்கம். குப்பை மலிந்த ஆங்கிலத்துக்கு இந்தக் கறார் தேவைதான். ஒரு எழுத்தாளரைப் பற்றி வலையில் ஒன்றிரண்டு பக்கமே கிடைக்கும் தமிழில் கையைக் கொஞ்சம் தளர்த்தலாம் என்பது என் கட்சி. உரையாடல் பக்கத்தில் பதில் வராவிட்டால், தமிழ் விக்கியர்கள் பொதுவாகப் பேசிக்கொள்ளும் ‘ஆலமரத்தடி’க்குக் கொண்டுபோங்கள். நீக்கியவரைத் திட்டாமல் எழுதுங்கள். அவரும் அங்கேதான் இருப்பார்.

கேள்வி: பழைய படம் ஒன்று முழுதாக யூடியூபில் ஓடுகிறது. ஊரே பார்க்கிறது. அந்த இணைப்பை விக்கியில் கொடுத்தால் மட்டும் என்ன தப்பு?
- மாணவர், சேலம்

பதில்: ஏற்றியவர் யார், தம்பி? தயாரிப்பாளரோ உரிமை பெற்றவரோ என்றால் பேசலாம். வேறு யாரோ என்றால் வேண்டாம். இந்தியச் சட்டப்படி படத்தின் காப்புரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 வருடம். ஊர் பார்ப்பதால் அது குறையாது.

கேள்வி: செத்துப்போன இணைப்புகளைக் கண்டால் அழித்துவிடலாமா?
- வாசகி, திருநெல்வேலி

பதில்: ‘வெளி இணைப்புகள்’ பகுதியில் இருந்தால், மாற்று முகவரி தேடிப் பார்த்துவிட்டு அழியுங்கள். மேற்கோளாக இருந்தால் கை வைக்காதீர்கள். 2009இல் யாகூ தன் ‘ஜியோசிட்டீஸ்’ என்ற இலவச வலைப்பக்கச் சேவையை மூடியபோது எத்தனையோ பேரின் பக்கங்கள் ஒரேயடியாகப் போயின. இன்டர்நெட் ஆர்க்கைவின் ‘வேபேக் மெஷின்’ அவற்றில் கொஞ்சத்தைச் சேமித்து வைத்திருக்கிறது. பழைய முகவரியை அதில் இட்டுப் பாருங்கள். பிரதி கிடைத்தால், மேற்கோளில் பழைய முகவரியை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் சேமிப்பு முகவரியையும் அது சேமிக்கப்பட்ட தேதியையும் சேருங்கள்.