பிரஷர் ஏறினப்போ தைராய்டும் ஏறிடுச்சே, எதால எது?

வாசகி ஒருத்தங்க கேட்டிருக்காங்க: "முதல் பிரசவம், 32வது வாரம். பிபி 150/100, யூரின்ல புரோட்டீன் 2 ப்ளஸ், ப்ரீஎக்லாம்ப்சியான்னு (கர்ப்பத்துல பிரஷர் ஏறி கிட்னி மாதிரி உறுப்புகளையும் பாதிக்கிற நோய்) அட்மிட் பண்ணிட்டாங்க. 10வது வாரத்துல 2.1 இருந்த டிஎஸ்ஹெச் (தைராய்டை தூண்டற ஹார்மோன், தைராய்டு வேலை குறைஞ்சா இது ஏறும்) இப்ப 5.8, ஃப்ரீ டி4 (ரத்தத்துல இருக்கிற தைராய்டு ஹார்மோன்) நார்மல். 25 மைக்ரோகிராம் தைராக்ஸின் எழுதியிருக்காங்க. தைராய்டாலதான் பிரஷர் வந்துச்சுன்னு அத்தை சொல்றாங்க. மாத்திரை போட்டா பிரஷர் இறங்குமா? காலம் பூரா போடணுமா?"

அத்தை சொல்றது சுத்த தப்புன்னு சொல்ல மாட்டேன், தைராய்டு குறைவை கவனிக்காம விட்டா பிரஷர் வர்ற வாய்ப்பு கூடத்தான் செய்யும், ஆனா உங்க விஷயத்துல 10வது வாரம் 2.1 இருந்திருக்கே, அது நல்ல ரிப்போர்ட்டுமா. அதனால எனக்கு இது தலைகீழா நடந்த மாதிரிதான் படுது.

ப்ரீஎக்லாம்ப்சியாவுல நஞ்சுக்கொடிக்கு ரத்த ஓட்டம் சரியா இருக்காது, அப்போ அது எஸ்எஃப்எல்டி-1னு ஒரு புரோட்டீனை அம்மாவோட ரத்தத்துல அள்ளி விடும், நுண்ணிய ரத்தக்குழாய்ங்க நல்லா இருக்க விஇஜிஎஃப்னு ஒண்ணு வேணும், அதை இது போய் பிடிச்சு வெச்சுக்கும். கிட்னில அந்த குழாய்ங்க கெட்டா யூரின்ல புரோட்டீன் ஒழுகுது. தைராய்டும் அதே மாதிரி குழாய்ங்க பின்னிக்கிடக்கிற சுரப்பிதான், அதுவும் அடி வாங்குது. போதாததுக்கு யூரின்ல போற புரோட்டீனோட சேர்ந்து தைராய்டு ஹார்மோனும் கொஞ்சம் வெளிய போகும். 2009ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல வந்த ஆய்வுல ப்ரீஎக்லாம்ப்சியா வந்தவங்களுக்கு கர்ப்ப கடைசியில டிஎஸ்ஹெச் ஆரம்பத்தைவிட சுமார் 2.4 மடங்கு ஏறியிருந்துச்சு, மத்தவங்களுக்கு 1.5 மடங்குதான்.

அதனால மாத்திரை பிரஷரை இறக்காது. அதுக்கு லேபடலால் மாதிரி தனி மருந்து, ப்ரீஎக்லாம்ப்சியா அடங்கணும்னா பிரசவம்தான். டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்தாலும் விடாத தலைவலி, கண்ணு மங்கறது, வலது விலாவுக்கு கீழ வலி, இதுல எது வந்தாலும் ராத்திரி ரெண்டு மணியானாலும் கிளம்பிடுங்க, விடியட்டும்னு உக்காந்திருக்காதீங்க.

தைராக்ஸினை டாக்டர் சொன்னபடி போடுங்க, ஆனா எப்படி போடறீங்கன்னு பாருங்க. நிறைய பேர் காலைல காபியோட தைராய்டு, இரும்பு, கால்சியம் மூணையும் ஒரே கையில வெச்சு முழுங்கிடறாங்க! இரும்பும் கால்சியமும் தைராக்ஸினை உடம்புல சேர விடாது. எழுந்ததும் வெறும் வயித்துல தண்ணியோட தைராய்டு மாத்திரை, அரை மணி நேரம் கழிச்சு காபி, இரும்பும் கால்சியமும் 4 மணி நேரம் தள்ளி. கால்சியத்தை மட்டும் நிறுத்திடாதீங்க.

காலம் பூராவான்னு இப்பவே முடிவு கட்ட முடியாது. பிரசவம் ஆகி 6வது வாரம் டிஎஸ்ஹெச் மறுபடி பாருங்க, கூடவே ஆன்டி டிபிஓ, அதாவது நம்ம உடம்பே தைராய்டை தாக்குதான்னு காட்டற ரத்த டெஸ்ட். ரெண்டும் சரியா இருந்தா 25 மைக்ரோகிராமை நிறுத்திப் பார்க்கலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க, நீங்களா நிறுத்தாதீங்க. குழந்தை தடுப்பூசிக்கு எல்லாரும் ஓடுவாங்க, அம்மாவோட இந்த டெஸ்டை மறந்துடுவாங்க, அதனால குழந்தைக்கு தடுப்பூசி செட் போடற அதே 6வது வாரத்துல இதையும் முடிச்சிடுங்க.