வெந்நீருக்கு கேஸ் டேங்க் வேண்டாம். மாடித் தொட்டியின் உயரத்தைப் பாருங்கள்

கேள்வி: புதுச்சேரியில் பாகூர் பக்கம் ஒரு கிராமத்தில் தரைத்தளம் மட்டும் உள்ள வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். இரண்டு பாத்ரூம், ஐந்து பேர். அம்மாவுக்கு மூட்டுவலி, அதனால் வருடம் முழுக்க வெந்நீர் வேண்டும். பிரான்ஸில் கிராமத்துப் பக்கம் இருக்கும் அண்ணன் வீட்டில் கேஸ் பாய்லரும் தோட்டத்தில் பெரிய கேஸ் டேங்கும் வைத்திருக்கிறார்கள். இங்கேயும் அப்படி வைக்க முடியுமா? எங்கள் பிளம்பர், "டேங்கெல்லாம் வேண்டாம் சார், பாத்ரூமுக்குள்ளேயே வென்டிலேட்டருக்குக் கீழே ஒரு கேஸ் கீசரை மாட்டிடலாம்" என்கிறார்.

பதில்: டேங்க் வேண்டாம் என்று பிளம்பர் சொன்னது சரி. பாத்ரூமுக்குள் மாட்டலாம் என்பதற்கு மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அண்ணன் வீட்டு பாய்லர் முக்கியமாகக் குளிர்காலத்தில் வீடு முழுவதையும் சூடாக்குவதற்கு. குளிக்கும் தண்ணீர் அதற்குக் கூடுதல் வேலை. அதனால்தான் அவ்வளவு கேஸ் தேவைப்படுகிறது, லாரியில் வந்து டேங்கை நிரப்பிவிட்டுப் போகிறார்கள். உங்கள் தேவையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மார்கழியில்கூட நம் பக்கம் மாடித் தொட்டித் தண்ணீர் 27 டிகிரி அளவில் இருக்கும். குளிக்க 40 டிகிரி தாராளம். 20 லிட்டர் பக்கெட் ஒன்றை 13 டிகிரி ஏற்ற ஏறக்குறைய 28 கிராம் கேஸ் போதும். ஐந்து பேர் ஆளுக்கு ஒரு பக்கெட் என்றால் மாதம் 4 கிலோ சொச்சம், அதாவது 14.2 கிலோ சிலிண்டர் மூன்று மாதம் ஓடும். எல்லோரும் ஷவரில் எட்டு நிமிடம் நின்றால் மாதம் 10 கிலோ. கத்திரி வெயிலில் அம்மாவைத் தவிர யாரும் அந்தக் குழாயைத் திறக்கப்போவதில்லை. இதற்கு டேங்க் வைத்து, வெடிபொருள் பாதுகாப்புத் துறையின் விதிகள், இடைவெளி அளவுகள் என்று அலைவது வீண். 1,000 லிட்டருக்கு மேற்பட்ட கேஸ் டேங்குக்கு உரிமம் வேறு வாங்க வேண்டும்.

அம்மா ஒருவருக்கு மட்டும்தான் வெந்நீர் என்றால் கேஸே தேவையில்லை, 15 லிட்டர் மின்சார கீசர் போதும். ஒரு பக்கெட்டுக்கு 0.3 யூனிட்தான் செலவாகும். புயலுக்குப் பிறகு நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் போகிறதே, வோல்டேஜ் இறங்குகிறதே என்றால் அப்போது கேஸ் பக்கம் வரலாம்.

பாத்ரூமுக்குள் ஏன் கூடாது? நிமிடத்துக்கு 6 லிட்டர் கீசர் முழுத் தீயில் எரிந்தால் மணிக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கேஸ் எடுக்கும். ஒரு கிலோ எரிய ஏறக்குறைய 13 கனமீட்டர் காற்று வேண்டும். உங்கள் பாத்ரூம் 5 அடிக்கு 7 அடி, உயரம் 9 அடி என்று வைத்துக்கொள்வோம். உள்ளே இருக்கும் மொத்தக் காற்றே 9 கனமீட்டர்தான். கதவைச் சாத்திக்கொண்டு கால் மணி நேரம் குளித்தால் அதில் மூன்றில் ஒரு பங்கு தீயின் வழியாகப் போய் வந்திருக்கும். பிராணவாயு குறையக் குறைய கேஸ் சரியாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு வர ஆரம்பிக்கும். கேஸ் கசிந்தால் நாற்றம் வைத்துக் கண்டுபிடிக்கிறோம், ஏனென்றால் அந்த வாடையை வேண்டுமென்றே சேர்த்திருக்கிறார்கள். எரிந்து வெளிவரும் இந்த நச்சுக்கு வாடையே கிடையாது. தலை கனக்கும், கால் துவளும், தாழ்ப்பாளைத் திறக்கத் தெம்பு இருக்காது. வென்டிலேட்டர் இருக்கிறதே என்பதும் சமாதானம் ஆகாது, பனிக்காலத்தில் அதை அட்டை வைத்து அடைப்பவர்கள் ஏராளம். எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டால் சில நேரம் புகை வெளியே போவதற்குப் பதில் குளிப்பவர் பக்கமே இழுக்கப்படும்.

ஆகவே கீசர் வெளிச்சுவரில், சன்ஷேடுக்குக் கீழே. இங்கே ஒரு உள்ளூர் விஷயம்: ஐப்பசி, கார்த்திகையில் சாரல் வடகிழக்கிலிருந்து அடிக்கும். தெற்கு அல்லது மேற்குச் சுவர் கிடைத்தால் அதை எடுங்கள். மழைக்குப் பயந்து மூடிய பெட்டிக்குள் வைத்துவிடாதீர்கள். மேலே மட்டும் கூரை, கீழும் பக்கமும் திறந்த மறைப்பு போதும். பாத்ரூம் வென்டிலேட்டரின் நேர் கீழே வேண்டாம், பக்கவாட்டில் ஒரு மீட்டராவது தள்ளி மாட்டுங்கள். இரண்டு பாத்ரூமும் ஒட்டியிருந்தால் பொதுவான பின்சுவரில் ஒரே கீசர். ஆனால் ஒரு நேரத்தில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 15558 என்ற எண்ணும் இருக்கிறதா, எல்பிஜிக்கான மாடல்தானா, தீ அணைந்தால் கேஸை நிறுத்தும் வசதியும் 20 நிமிடத்தில் தானாக அணையும் டைமரும் உண்டா என்று பார்த்தால் போதும்.

இனி, தரைத்தள வீடுகளில் பெரும்பாலும் கோட்டை விடுகிற இடத்துக்கு வருவோம். கேஸ் கீசர் தண்ணீரின் அழுத்தத்தால்தான் பற்றும். உள்ளே இருக்கும் ரப்பர் டயஃப்ரத்தைத் தண்ணீர் தள்ளினால்தான் கேஸ் வால்வு திறக்கும். பல மாடல்களுக்கு 0.2 முதல் 0.25 பார் வரை வேண்டும், அதாவது 2 முதல் 2.5 மீட்டர் உயரத் தண்ணீர். உங்கள் மொட்டைமாடித் தளத்தின் மேல்மட்டம் தரையிலிருந்து பத்தரை அடி, கீசரின் தண்ணீர் வாய் ஐந்து அடி என்றால், தளத்தில் நேரடியாக உட்கார்ந்த தொட்டியின் அடிக்கும் கீசருக்கும் ஐந்தரை அடிதான் வித்தியாசம். 1.7 மீட்டர்கூட முழுதாக இல்லை. தொட்டி நிரம்பியிருக்கும் காலையில் பற்றும், பாதிக்குக் கீழே இறங்கியதும் "டக் டக்" என்று பொறி மட்டும் தட்டும். கீசர் ரிப்பேர் என்று மெக்கானிக்கைக் கூப்பிடுவார்கள், அவர் பேட்டரியை மாற்றிவிட்டுப் போவார்.

தொட்டிக்கு 4 அடி மேடை கட்டுங்கள். வித்தியாசம் 2.9 மீட்டர் ஆகிவிடும், குழாயில் இழக்கும் அழுத்தத்துக்கும் சேர்த்துச் சரியாக இருக்கும். 1,000 லிட்டர் தொட்டி நிறைந்தால் ஒரு டன், ஆகவே மேடைச் சுவர்கள் கீழே பீம் அல்லது தூண் இருக்கும் இடத்தில் வர வேண்டும். தளம் போடும் முன்பே இன்ஜினியரிடம் சொல்லிவிடுங்கள். தொட்டியிலிருந்து கீசருக்கு ஒரு இன்ச் லைன் தனியாக இறங்கட்டும். சமையலறைக் குழாயைத் திறந்தால் கீசர் அணையக் கூடாது. எல்போ, அதாவது குழாய் வளைவு, எத்தனை குறைகிறதோ அவ்வளவு நல்லது. கீசரை ஒட்டி ஒரு மீட்டருக்கு உலோகக் குழாய் அல்லது ஸ்டீல் பின்னல் ஹோஸ், அதற்குப் பிறகு வெந்நீர் தாங்கும் சிபிவிசி பிளாஸ்டிக் குழாய். பிரஷர் பம்ப் வைத்தால் மேடை வேண்டாமே என்பார்கள். கரண்ட் போனால் கேஸ் இருந்தும் வெந்நீர் இருக்காது.

மேடை உயர்ந்தால் காற்றும் அதிகம் பிடிக்கும். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை ஏறியது நினைவிருக்கும். தொட்டியை இரும்புப் பட்டையால் மேடையோடு கட்டுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் கரண்ட் போகும் முன் தொட்டியை நிரப்பிவிடுங்கள், அந்த ஒரு டன் எடைதான் பிடிமானம்.

சிலிண்டர் விஷயம். அடுப்புக்குப் போகும் லைனிலேயே ஒரு டீ (மூன்று வாய் கொண்ட இணைப்பு) போட்டு கீசருக்கு இழுப்பது வேண்டாம். கீசர் பற்றியதும் அடுப்புத் தீ சுருங்கும், சோற்றுக் கஞ்சி பொங்கி அணைந்தாலும் தெரியாது. கீசருக்குத் தனி சிலிண்டர், தனி ரெகுலேட்டர். இதைக் கடைத்தெரு ரெகுலேட்டரை வைத்து நீங்களாகச் செய்யாமல் கேஸ் ஏஜென்சியிடம் சொல்லி, அவர்கள் மெக்கானிக் இடத்தைப் பார்த்த பிறகு செய்யுங்கள். பின்னாளில் ஒரு அறையை ஹோம்ஸ்டேவாக வாடகைக்கு விட நினைத்தால் வீட்டு சிலிண்டரை அதற்குப் பயன்படுத்த முடியாது, வணிகத்துக்கான 19 கிலோ சிலிண்டர் எடுக்க வேண்டும்.

சிலிண்டர் வீட்டுக்கு வெளியே, நிமிர்ந்த நிலையில், கம்பி வலைக் கூண்டில். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு ஊர்ந்து பள்ளம் தேடும். சம்ப் மூடி, செப்டிக் டேங்க், சாக்கடை, உறைகிணறு எதுவும் இரண்டு மீட்டருக்குள் வேண்டாம். மோட்டார் ஸ்விட்சும் பக்கத்தில் வேண்டாம். ரப்பர் டியூப் ஐஎஸ்ஐ முத்திரையுள்ள சுரக்ஷா வகை, ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளக் கூடாது, ஐந்து வருடத்தில் மாற்ற வேண்டும். அதற்கு மேல் தூரம் இருந்தால் செம்புக் குழாய். கடல் காற்றில் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயின் மரைகள் சீக்கிரம் துருப்பிடிக்கும். சுவரைத் துளைக்கும் இடத்தில் உறைக்குழாய் போட்டு, கீசருக்கு முன் கை எட்டும் இடத்தில் ஒரு வால்வு வைக்கச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் எல்லா இணைப்பிலும் சோப்பு நுரை தடவிப் பாருங்கள், தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். கசிவு என்றால் கூப்பிட வேண்டிய எண் 1906.

உங்கள் பக்கத்துக்கு இன்னொன்று. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் கரை கடந்தது, அடுத்த நாட்களில் தென்பெண்ணை வெள்ளம் பாகூர்க் கிராமங்களுக்குள் வந்தது. நிறைந்த சிலிண்டர் ஏறக்குறைய 30 கிலோ. அதன் உள்கொள்ளளவே 33 லிட்டருக்கு மேல். ஆகவே காலி சிலிண்டர் மட்டுமல்ல, நிறைந்ததும் மிதக்கும். மிதந்து டியூபைப் பிடுங்கும். தெருவில் வெள்ளம் எந்த மட்டம் வந்தது என்று பெரியவர்களைக் கேட்டு, அதற்கு ஓரடி மேலே மேடை போட்டு, சுவரில் கொக்கி அடித்துச் சங்கிலியால் கட்டுங்கள். தண்ணீர் ஏறுகிறது என்றால் ரெகுலேட்டரைக் கழற்றி மூடியைப் போட்டுவிடுங்கள்.

ஓடத் தொடங்கிய பிறகு வரும் தொல்லைகள் இரண்டு. ஒன்று உப்புத் தண்ணீர். கீசரின் செம்புச் சுருளில் உப்பு படிந்து, தண்ணீர் மெலிதாகவும் கொதிக்கும் சத்தத்தோடும் வரும். லிட்டருக்கு 50 கிராம் சிட்ரிக் ஆசிட் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரைச் சின்ன பம்ப் வைத்து அரை மணி நேரம் சுற்றவிட்டு, நல்ல தண்ணீரில் அலசினால் போய்விடும். கக்கூஸ் கழுவும் ஆசிட் ஊற்றினால் செம்பு ஓட்டையாகும். தண்ணீர் வாயில் உள்ள சல்லடையையும் மாதம் ஒருமுறை கழற்றிக் கழுவுங்கள், துருவும் மணலும் அங்கேதான் நிற்கும்.

இன்னொன்று குளவி. சில மாதம் ஓடாமல் கிடந்தால் பர்னர் குழலுக்குள் மண்கூடு கட்டும், சிலந்தியும் வலை பின்னும். காற்று கலப்பது குறைந்து தீ நீலத்துக்குப் பதில் மஞ்சளாக எரியும், கரி படியும். மஞ்சள் தீ தெரிந்தால் அன்றைக்கு அந்தக் கீசரை ஓட்டாதீர்கள், பர்னரைக் கழற்றி ஊதிச் சுத்தம் செய்த பிறகு பற்றவையுங்கள். நீண்ட நாள் நிறுத்துவதாக இருந்தால் சிலிண்டரை மூடி, உள்ளே இருக்கும் இரண்டு பெரிய பேட்டரியையும் எடுத்துவிடுங்கள். ஒழுகிய பேட்டரி அந்தக் கம்பி முனைகளைத் தின்றுவிட்டால் புது செல் போட்டாலும் பொறி வராது.