கண்ணாடி வைத்த சிப்பை வெயிலில் காயவைக்கலாமா?

கேள்வி: மாமா வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த அட்டாரி 2600 என்ற பழைய வீடியோ கேம் பெட்டியில் லேபிள் இல்லாத கார்ட்ரிட்ஜ் (ஆட்டம் பதிந்த செருகு பெட்டி) ஒன்று இருந்தது. போட்டால் கூடைப்பந்து ஆட்டம் வருகிறது. சில நேரம் திரை குழம்புகிறது. உள்ளே வட்டக் கண்ணாடி வைத்த சிப். இது வெளிவராத ஆட்டமா? ஈரம் போக மொட்டைமாடியில் காயவைக்கலாமா?
— வாசகர், திருமங்கலம்

பதில்: வெயிலில் மட்டும் வைத்துவிடாதீர்கள்! அது ஈப்ராம், அதாவது அழித்து மீண்டும் எழுதக்கூடிய நினைவக சிப். கண்ணாடி வழியாகப் புற ஊதா ஒளி பட்டால் பதிவு அழியும். நேர்வெயிலில் ஏறக்குறைய ஒரு வாரத்தில் ஆட்டமே போய்விடும். ட்யூப் லைட் வெளிச்சம்கூட ஆண்டுக்கணக்கில் பட்டால் கெடுதல்தான். முதலில் கண்ணாடியை அலுமினியத் தாளால் மூடி, மேலே டேப் ஒட்டுங்கள். தாள் சிப்பின் கால்களில் படக்கூடாது.

அட்டாரியின் ரியல்ஸ்போர்ட்ஸ் வரிசையில் பேஸ்பால், டென்னிஸ், சாக்கர் எல்லாம் கடைக்கு வந்தன. அந்த வரிசையில் 2600-க்கான கூடைப்பந்து மட்டும் வரவேயில்லை. உங்களுடையது அதுவாக இருக்கலாம். ஆனால் கண்ணாடியை வைத்தே முடிவுகட்ட முடியாது, கள்ளப் பிரதி போட்டவர்களும் ஈப்ராம்தான் பயன்படுத்தினார்கள்.

திரை குழம்பினால் முதல் சந்தேகம் போர்டின் தொடர்புப் பற்கள் மீது. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சால் துடையுங்கள், உப்புத்தாள் வேண்டாம். பக்கத்தில் 14 கால் சிப் இருந்தால் அது 7404 வகை இன்வெர்ட்டராக (சிக்னலைத் தலைகீழாக்கும் சிப்) இருக்கலாம். ஏ12 என்ற முகவரிக் கோட்டின் சிக்னலை உயர்த்தித்தான் 2600 கார்ட்ரிட்ஜை அழைக்கும். ஈப்ராமோ தாழ்ந்த சிக்னலுக்குத்தான் விழிக்கும். உயர்ந்த சிக்னலைத் தாழ்ந்ததாக மாற்றிக் கொடுப்பது இந்த 14 கால் சிப். பழுதானால் மதுரை டவுன்ஹால் ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் 74எல்எஸ்04 கேட்டுப் பாருங்கள்.

அடுத்து ஆட்டத்தை நகலெடுப்பது. ஈப்ராம் சிப் பேஸில் (சாக்கெட்டில்) செருகியிருந்தால் இரு முனையிலும் மாறிமாறி, கொஞ்சம் கொஞ்சமாக நெம்புங்கள். பழைய கால்கள் சட்டென ஒடியும். பற்றவைத்திருந்தால் கைதேர்ந்தவரிடம் விடுங்கள். சிப்பில் இருப்பதைக் கோப்பாகப் படித்தெடுக்கும் ஈப்ராம் ரீடரில் சிப் எண்ணைச் சரியாகத் தேர்ந்தெடுப்பது முக்கியம். 2716 (2 கிலோபைட்), 2732 (4 கிலோபைட்) இரண்டுக்கும் 24 கால். ஆனால் 2732-இல் 21-ஆம் கால் முகவரிக் கோடு. 2716 என்று அமைத்தால் பின்பாதி 2 கிலோபைட் மட்டுமே வரும். 2732-இன் சரியான கோப்பு 4,096 பைட்.

பலமுறை படித்து ஒப்பிடுங்கள். ஒவ்வொரு முறையும் வேறுபட்டால் பதிவு மங்குகிறது என்று பொருள். மின்னழுத்தத்தை 4.5 வோல்ட்டுக்குக் குறைத்துப் படித்தால், மங்கிய பிட்டுகள் திரும்பக் கிடைக்க வாய்ப்புண்டு. கோப்பின் முன்பாதியும் பின்பாதியும் ஒன்றாக இருந்தால் அது 2 கிலோபைட் ஆட்டம். 1978-இல் அட்டாரி வெளியிட்ட பழைய கூடைப்பந்தாக இருக்கலாம். இல்லையென்றால், கணினியில் 2600 ஆட்டங்களை ஓட்டும் ஸ்டெல்லா எமுலேட்டரில் ஓட்டிப் பாருங்கள். கோப்பு கைக்கு வரும்வரை அந்தக் கார்ட்ரிட்ஜில் விளையாட வேண்டாம்.