புது கேம்பர் வேன்: பேட்டரி ஃபுல், ஆனால் ராத்திரியானால் ஃப்ரிட்ஜ் நிற்கிறது. எதை மாற்றுவது?

எதையும் மாற்றாதீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் புது ஃப்ரிட்ஜுக்கு விலை விசாரிக்கத் தொடங்கிவிட்டீர்கள் போலிருக்கிறது. வேன் கட்டி வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. ஃப்ரிட்ஜ் பகலெல்லாம் ஓடிவிட்டு ராத்திரி நின்றுவிடுகிறது, மிக்ஸி போட்டால் இன்வெர்ட்டர் கத்துகிறது, யாரும் குழாயைத் திறக்காமலே பம்ப் ஓடுகிறது, வெளிக் கரண்ட் மாட்டினால் சில இடங்களில் டிரிப் ஆகிறது என்கிறீர்கள். ஃப்ரிட்ஜ்காரர் வந்து பார்த்து ஃப்ரிட்ஜ் நன்றாக இருக்கிறது என்றார், பேட்டரிக்காரர் பேட்டரி நன்றாக இருக்கிறது என்றார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. கோளாறு அந்த இரண்டுக்கும் நடுவில் போகும் ஒயரில் இருக்கிறது.

எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், நானும் இதே கூத்தில் மூன்று வாரம் மாட்டிக்கொண்டவன். பல்லடம் பக்கம் விசைத்தறிக் கூடங்களில் மோட்டார், ஸ்டார்ட்டர் வேலை பார்த்தவன் நான். 415 வோல்ட்டில் கை பழகியவனுக்கு 12 வோல்ட் ஒரு பொருட்டாகவே தெரியவில்லை, அந்தக் கொழுப்புக்குத்தான் அனுபவித்தேன். 13 சீட் வேன் ஒன்றை வாங்கி, சீட்டையெல்லாம் கழற்றி, ஒரு பட்டறையில் கொடுத்துப் படுக்கை, சமையல் மேடை, ஃப்ரிட்ஜ், கூரையில் சோலார் எல்லாம் வைத்துக் கட்டி வாங்கினோம். பட்டறையின் பெயர் வேண்டாம், மரவேலை அருமையாகச் செய்திருந்தார்கள், ஒயர் வேலையை மட்டும் அவசரத்தில் முடித்திருந்தார்கள்.

முதல் பயணம் வால்பாறை. ஆழியாறிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவும் ஏறி, சொந்தக்காரர் குவார்ட்டர்ஸ் வாசலில் வண்டியை நிறுத்திப் படுத்தோம். விடியற்காலை வீட்டம்மா எழுப்பி, "ஏனுங்க, ஃப்ரிட்ஜ் செத்துப் போச்சாட்ட இருக்குதுங்க" என்றாள். திறந்தால் இட்லி மாவு பொங்கித் தூக்குப்போசியின் மூடியைத் தள்ளிக்கொண்டு கீழ்த்தட்டு வரை வழிந்திருக்கிறது. வால்பாறைக் குளிரிலேயே மாவு பொங்கியது என்றால் ஃப்ரிட்ஜ் எப்போதோ நின்றிருக்க வேண்டும். நான் உடனே சட்டைப் பையிலிருந்து டெஸ்டரை எடுத்து ஃப்ரிட்ஜ் ஒயரில் வைத்தேன், எரியவில்லை, கரண்டே வரவில்லை என்று முடிவு கட்டினேன். இதைச் சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது. வீட்டுக் கரண்ட்டைப் பார்க்கும் அந்த நியான் டெஸ்டர் 12 வோல்ட்டில் எரியவே எரியாது. உங்கள் ஊர் எலக்ட்ரீஷியன் யாராவது அதை வைத்துப் பார்த்துவிட்டு 'சப்ளை இல்லீங்க' என்று சொன்னால் ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். இதற்கு மல்டிமீட்டர் வேண்டும், கூடவே லாரி எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் பல்பும் கிளிப்பும் கொண்ட டெஸ்ட் லேம்ப் இருந்தால் நல்லது. கிளாம்ப் மீட்டர் வாங்குவதானால் டிசி ஆம்பியர் காட்டுமா என்று கேட்டு வாங்குங்கள், விலை குறைந்த பல மீட்டர்கள் ஏசி ஆம்பியரை மட்டும்தான் காட்டும்.

சரி, மீட்டர் வந்தது. பேட்டரியில் வைத்தால் 13.1. ஃப்ரிட்ஜ் ஒயரில் வைத்தாலும் 13.1. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரிக்கு இது நல்ல அளவு, அப்புறம் ஏன் நிற்கிறது என்று மண்டை காய்ந்தது. நான் செய்த தப்பு, ஃப்ரிட்ஜ் நின்றிருக்கும்போது அளந்தது. ஒயரில் கரண்ட் ஓடாதபோது எவ்வளவு மெலிந்த ஒயராக இருந்தாலும், எவ்வளவு துருப்பிடித்த இணைப்பாக இருந்தாலும், மீட்டர் முழு வோல்ட்டைத்தான் காட்டும். கரண்ட் ஓடும்போதுதான் குட்டு வெளிப்படும். சாயங்காலம் கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருக்கும்போதே மீட்டரை வைத்தேன்: பேட்டரியில் 13.1, ஃப்ரிட்ஜில் ஒயர் சேரும் வாயில் 10.9. நடுவில் 2.2 வோல்ட் காணாமல் போயிருக்கிறது.

இப்போது பகலில் ஓடி ராத்திரி நிற்கிற மர்மம் தானாகவே அவிழ்ந்துவிடும். பகலில் சோலாரோ ஆல்டர்னேட்டரோ ஏற்றிக்கொண்டிருப்பதால் பேட்டரி முனையில் 14 வோல்ட் பக்கம் நிற்கும், அதில் 2.2 போனாலும் 11.8 மிஞ்சும், ஃப்ரிட்ஜ் சமாளிக்கும். வெயில் போனபின் 13.1, அதில் 2.2 போனால் 10.9. இந்த வகை 12 வோல்ட் ஃப்ரிட்ஜ்கள் பலவற்றில் பேட்டரி பாதுகாப்புக்கு ஹெச் (ஹை), எம் (மீடியம்), எல் (லோ) என்று மூன்று நிலை இருக்கும். ஹெச் நிலையில் 11 வோல்ட் சுற்றுவட்டாரத்திலேயே 'பேட்டரி தீர்ந்துவிட்டது' என்று நினைத்துத் தன்னை நிறுத்திக்கொள்ளும். நின்றதும் கரண்ட் இல்லை, வோல்ட் மறுபடி 13.1 ஆகிவிடும், சர்வீஸ்காரர் வந்து வைத்துப் பார்த்தால் எல்லாம் சுத்தமாக இருக்கும். எல் நிலைக்கு மாற்றினால் தற்காலிகமாக ஓடும், ஆனால் அது மூக்கைப் பொத்திக்கொண்டு நாற்றம் போய்விட்டது என்பது போலத்தான்.

அந்த 2.2 எங்கே போனது என்று தேடும் விதம் சுலபம். ஃப்ரிட்ஜ் ஓடும்போது மீட்டரின் ஒரு கம்பியைப் பேட்டரி பாசிட்டிவ் முனையிலும் இன்னொன்றை ஃப்ரிட்ஜின் பாசிட்டிவ் முனையிலும் வையுங்கள், பாசிட்டிவ் பாதையில் எவ்வளவு தொலைகிறது என்று நேராகக் காட்டும். அதே மாதிரி நெகட்டிவுக்கு நெகட்டிவ். எட்டாத தூரமாக இருந்தால் நீளமாக ஒரு ஒயரைக் கட்டிக்கொள்ளலாம். எனக்கு பாசிட்டிவில் 0.6, நெகட்டிவில் 1.6. பட்டறையில் ஃப்ரிட்ஜுக்கு இழுத்திருந்தது வீட்டில் லைட்டுக்குப் போடும் 1 ஸ்கொயர் (1 சதுர மில்லிமீட்டர்) ஒயர், ஒரு பக்கம் 7 மீட்டர். 5 ஆம்பியர் போகும்போது அதில் போக வர இரண்டு பக்கமும் சேர்த்தே 1.2 வோல்ட் விழும். 230 வோல்ட்டில் 1.2 போனால் யாருக்கும் தெரியாது, 12-இல் போனால் பத்தில் ஒரு பங்கு. தறிக்கூடத்து மூளைக்கு ஏறாதது இதுதான். மிச்சம் 1 வோல்ட் எங்கே என்று நெகட்டிவ் ஒயரைப் பிடித்துக்கொண்டே போனேன். படுக்கைக்கு அடியில் பாடி எர்த் போல்ட் ஒன்று. கழற்றிப் பார்த்தால் லக்குக்கு (ஒயர் நுனியில் நசுக்கி மாட்டும் உலோக முனை) அடியில் பளபளவென்று புது பெயிண்ட். பெயிண்ட் மேலேயே வைத்து முறுக்கியிருக்கிறார்கள், மரை வழியாக ஏதோ கொஞ்சம் கரண்ட் கசிந்து போய்க்கொண்டிருந்திருக்கிறது. உப்புத்தாள் போட்டு இரும்பு வெள்ளையாகத் தெரியும் வரை தேய்த்து, நட்சத்திர வாஷர் வைத்து முறுக்கி, மேலே கிரீஸ் தடவி, இரண்டு பக்கமும் 6 ஸ்கொயர் ஒயர் இழுத்தேன். மொத்த இழப்பு 0.2-க்கு வந்துவிட்டது. ஃப்ரிட்ஜை யாரும் தொடவில்லை.

இன்வெர்ட்டர் கதையும் இதேதான், ஆம்பியர் மட்டும் பெரிசு. 750 வாட் மிக்ஸி 12 வோல்ட்டில் ஓட இன்வெர்ட்டர் இழப்பும் சேர்த்து 70 ஆம்பியர் கேட்கும். தேங்காய்ச் சட்னிக்கு மிக்ஸி போட்டால் கீ கீ என்று கத்தும், இரண்டாவது சுற்றில் அணைந்துவிடும். ஒரு நிமிடம் ஓட்டிவிட்டு, எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, மோதிரத்தைக் கழற்றிவிட்டு, இணைப்புகளை விரலின் பின்பக்கத்தால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். ஒரு லக் மட்டும் தோசைக்கல் மாதிரி சுட்டது. லக் பஞ்ச் பண்ணும் கருவி இல்லாமல் சுத்தியலால் தட்டி நசுக்கியிருக்கிறார்கள், இழுத்தால் ஒயர் கையோடு வந்துவிட்டது. அந்த ஒரு லக்கில் மட்டும் 1.4 வோல்ட் விழுந்தது, 70 ஆம்பியருக்குக் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 100 வாட் சூடு. ஈயம் பற்ற வைக்கும் சால்டரிங் அயர்ன்கூட அவ்வளவு தராது. அதுவும் பிளைவுட்டை ஒட்டியிருந்தது. உங்கள் இன்வெர்ட்டர் கத்தினால் பேட்டரியைக் குறை சொல்வதற்கு முன் இந்தச் சூட்டைத் தேடுங்கள், எளிதில் தீப்பிடிக்கக்கூடிய இடம் இது என்பதால் இதை இன்றைக்கே பாருங்கள் என்று சொல்வேன். ஃப்யூஸ் அடிக்கடி போகிறதே என்று பெரிய ஃப்யூஸ் போடும் வேலை மட்டும் வேண்டாம், ஃப்யூஸ் காப்பாற்றுவது ஒயரைத்தான். 12 வோல்ட் ஷாக் அடிக்காது, ஆனால் பேட்டரியின் இரண்டு முனைக்கும் குறுக்கே ஸ்பானர் விழுந்தால் வெல்டிங் ஆகிவிடும். மோதிரம், கைச்செயின் போட்டுக்கொண்டு கை வைக்காதீர்கள்.

இடையில் ஒன்று: லித்தியம் பேட்டரி ஒருநாள் திடீரென்று 0 வோல்ட் அல்லது ஏதோ 2, 3 வோல்ட் காட்டினால் செத்துவிட்டது என்று பதறாதீர்கள். உள்ளே இருக்கும் பிஎம்எஸ் (பேட்டரியைக் காக்கும் சர்க்யூட்) ரொம்ப இறங்கிவிட்டதென்று கதவைச் சாத்திக்கொண்டிருக்கும், லித்தியத்துக்கான சார்ஜரைக் கொடுத்தால் பெரும்பாலும் எழுந்துவிடும். இறங்கியதற்குக் காரணம் பல நேரம் இன்வெர்ட்டரைச் சும்மா ஆன் செய்தே வைத்திருப்பது. ஒன்றும் ஓடாவிட்டாலும் 1 ஆம்பியர் தின்றால் ஒரு நாளைக்கு 24 ஆம்பியர்-ஹவர் போய்விடும். சோலார் ஏறவில்லை என்றால் வண்டி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். எங்கள் மாமா தோட்டத்தில் நிழலுக்கென்று தென்னைக்கு அடியில் நிறுத்தச் சொல்வார். பேனலில் கால்வாசி நிழல் விழுந்தாலே வரத்து பாதிக்கு மேல் படுத்துவிடும், மட்டை விழுந்தால் பேனலே போய்விடும்.

பம்ப் சின்ன விஷயம். எல்லாக் குழாயும் மூடியிருக்க, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை டுர்ரென்று ஒரு நொடி ஓடி நின்றால், பெரும்பாலும் பம்புக்கு அப்பால் எங்கோ சொட்டுகிறது. ஹோஸ் கிளிப்புகளுக்கு அடியில் நியூஸ் பேப்பர் விரித்து வைத்தால் காலையில் ஈரம் காட்டிக் கொடுக்கும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் தொட்டியில் தண்ணீர் இல்லை, அல்லது இழுக்கும் பக்கத்தில் காற்று வாங்குகிறது. எனக்கு மூன்றாவது காரணம்: தொட்டியில் ஓட்டை போட்டபோது விழுந்த பிளாஸ்டிக் சுருள் எல்லாம் பம்ப் வாயில் இருக்கும் வலைவடிகட்டியில் அடைத்துக்கொண்டிருந்தது, ஒரு கைப்பிடி எடுத்தேன். புது வண்டியில் அதை முதலில் கழற்றிப் பாருங்கள். போர் தண்ணீர் நிரப்புகிறவர்கள் அந்த வலையை அடிக்கடி கழுவ வேண்டும், நம் பக்கத்து உப்புத் தண்ணீருக்கு அது சீக்கிரம் பூத்துப் போகும்.

வெளிக் கரண்ட் விஷயத்தில்தான் கொஞ்சம் பயப்பட வேண்டும். டிரிப் ஆனால் வேனுக்குள் உள்ள எல்லா பிளக்கையும் உருவிவிட்டு மெயினைப் போட்டு, ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே வாருங்கள், எதை மாட்டும்போது விழுகிறதோ அதுதான் கசிகிறது. எனக்கு கெய்சர் காயில். ஒன்றுமே மாட்டாமலும் விழுந்தால் பெரும்பாலும் வேன் ஒயரிங்கில் நியூட்ரலும் எர்த்தும் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கும், அதற்கு வீட்டு ஒயரிங் தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள். தொல்லையாக இருக்கிறதென்று, கசிவு வந்தால் கரண்ட்டை வெட்டும் ஆர்சிசிபியை எடுத்துவிட்டு நேராகக் கொடுக்கவே கூடாது. வண்டி ரப்பர் டயரில் நிற்கிறது, பிளக்கில் எர்த் இல்லாமல் பாடியில் கரண்ட் கசிந்தால், ஈரத் தரையில் காலை வைத்துக் கைப்பிடியைப் பிடிக்கிற ஆள்தான் எர்த். ஏறும்போது லேசாகச் சுருக்கென்றால்கூடப் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் மறுவேலை.

இன்னொன்று, தோட்டங்களில் நிறுத்தினால், "மோட்டார் ரூம்ல மாட்டிக்குங்க மாப்ள, அங்க கரண்ட் சும்மாதான்" என்பார்கள். மாட்டாதீர்கள். விவசாய இலவச இணைப்பை வேறு எதற்கும் எடுக்கக் கூடாது என்பது ஒன்று. அங்கே இருப்பது மூன்று ஃபேஸ், நியூட்ரல் சரியாக இருக்கிறதா என்று மோட்டாருக்குக் கவலையில்லை, அதனால் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். நியூட்ரல் விட்டுப்போன இடத்தில் உங்கள் 230 வோல்ட் சாமான் 300, 400 வரை பார்க்க நேரும். சாளையில் (தோட்டத்து வீட்டில்) வீட்டு இணைப்பு இருந்தால் அதில், அதுவும் மாட்டுவதற்கு முன் வோல்ட்டை அளந்துவிட்டு. சாயங்காலம் 180-க்கு இறங்கினால் ஏசி போடாமல் விட்டுவிடுங்கள். எக்ஸ்டென்ஷன் ஒயரைச் சுருளாகவே வைத்து ஓட்டினாலும் சூடாகி உருகும், முழுக்க அவிழ்த்துப் போடுங்கள்.

ஒயரை வெட்டுவதற்கு முன் இருக்கிறபடியே போட்டோ எடுத்து பட்டறைக்கு அனுப்புங்கள், வாரண்டி இருக்கும்போது நாமே கை வைத்தால் பேச்சு மாறிவிடும். எனக்கு அவர்கள் லக்கையெல்லாம் காசு வாங்காமல் மாற்றிக் கொடுத்தார்கள். வளைவும் பள்ளமும் ஏறி இறங்கிய வண்டியில் போல்ட் தளரும், முதல் 500 கிலோமீட்டரில் எல்லா முனையையும் ஒருமுறை முறுக்கிவிடுங்கள்.

நாளை சாயங்காலம் இருட்டியபின், ஃப்ரிட்ஜ் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரியில் எவ்வளவு, ஃப்ரிட்ஜ் வாயில் எவ்வளவு என்று இரண்டு அளவையும் எடுத்து இங்கே போடுங்கள், கூடவே அந்த ஒயர் எத்தனை ஸ்கொயர், எத்தனை மீட்டர் என்றும். மிச்சத்தை அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.