பிரம்மகமலம் என்று வாங்கியதில் முள் இருக்கிறதே?

கேள்வி: யாழ்ப்பாணத் திருநெல்வேலியில் தெருவோரம் கன்று விற்பவர் 'பிரம்மகமலம்' என்று சொல்லித் தந்ததை வாங்கினேன். தண்டு மூன்று பட்டையாக, முள்ளோடு வளர்கிறது. பக்கத்து வீட்டில் நிற்பதோ இலை போலத் தட்டை. என்னுடையதும் இரவில் பூக்குமா? – வாசகி, கொக்குவில்

பதில்: இரவில்தான் பூக்கும். ஆனால் நீங்கள் கேட்ட கன்று அதுவல்ல. மூன்று பட்டைத் தண்டு, விளிம்பில் இடைவிட்டுச் சிறு முட்கொத்து என்றால் டிராகன் பழக் கன்று. இரண்டுமே நாகதாளியின் குடும்பம்; பெரிய வெள்ளைப் பூ இரவில் விரிந்து விடிய வாடும். அதனால் பூவின் படத்தை நம்பி வாங்கக் கூடாது, தண்டைத்தான் பார்க்க வேண்டும்.

பக்கத்து வீட்டுத் தண்டைக் கிட்டப் பாருங்கள். முள் இல்லை, ஓரம் அலையலையாக நெளிந்திருக்கும், அந்த நெளிவின் பள்ளத்தில்தான் மொட்டு வரும். அடியிலிருந்து எழும் புதுக் கொம்பு மட்டும் குச்சி போல உருண்டு நீண்டு, மேலே போய்த்தான் தட்டையாகும். பிழையான கன்று என்று அதை வெட்டிவிட வேண்டாம்.

உண்மையான பிரம்மகமலம் இமயமலை உயரத்தில் வளரும் சூரியகாந்திக் குடும்பச் செடி. இங்கே அந்தப் பெயரில் விற்பது மெக்சிக்கோ, மத்திய அமெரிக்கப் பக்கத்து மரந்தொற்றிக் கள்ளி, சிங்களத்தில் கடுபுல். 'விலைமதிப்பில்லாத பூ' என்ற கதைக்குக் காசைக் கொட்ட வேண்டியதில்லை, பக்கத்து வீட்டில் ஒரு துண்டு கேளுங்கள்.

முற்றிய தட்டைத் தண்டில் 15–20 செ.மீ. வெட்டி, நிழலில் ஒரு கிழமை காயவிடுங்கள். வெட்டுவாய் ஈரமாக இருந்தால் அழுகும். அடிப்பக்கம் கீழே வர 3–5 செ.மீ. ஆழத்தில் நடுங்கள். தனிச் செம்மண் இறுகித் தண்ணீர் தேங்கும். தேங்காய்ப் பொச்சுத் துண்டு இரண்டு பங்கு, கூட்டெரு ஒன்று, பருமணல் ஒன்று நல்லது. மத்தியான வெயில் பட்டால் தண்டு மஞ்சளாகும், மாமர நிழல் போதும். மாரியில் தாழ்வாரத்துக்குள் எடுங்கள். எங்கள் கிணறுகளில் சுண்ணாம்பு அதிகம், மழைத் தண்ணீர் இருந்தால் அதையே விடுங்கள். பூக்க இரண்டு, மூன்று வருடம் செல்லும்.

உங்கள் கன்றை எறிய வேண்டாம். வெயிலில் சீமெந்துத் தூண் நட்டு ஏற்றிவிட்டால் பழம் கிடைக்கும். சில இனங்களுக்கு வேறோர் இனத்தின் மகரந்தம் தேவை.

பழக் கன்று வேண்டாமென்றால், விற்றவரிடம் தண்டைக் காட்டி மாற்றித் தரக் கேளுங்கள். இனி வாங்கும்போது கன்றின் பெயரோடு பற்றுச்சீட்டு எழுதி வாங்குங்கள். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, கேட்டால் பற்றுச்சீட்டுத் தர வேண்டும். பிழையான பெயர் சொல்லி விற்பதும் குற்றம். முறையிட அந்த அதிகார சபையின் தொலைபேசி 1977.